அழைப்பைப் படிக்க எந்த வேதாகமம்? இரண்டு தமிழ்ப் பதிப்புகளுக்கு ஒரு பரீட்சை

கொங்குப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டு அலமாரிகளில் பொதுவாக இரண்டில் ஒன்று இருக்கும். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடென்றால் கறுப்பு அட்டை போட்ட ‘பரிசுத்த வேதாகமம்’. கத்தோலிக்க வீடென்றால் ‘திருவிவிலியம்’. பெண் எடுத்தது ஒரு சபை, பெண் கொடுத்தது வேறு சபை என்று ஆகிவிட்ட குடும்பங்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஆனால் மாலை ஜெபத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் தன் புத்தகத்தில் பின்தொடரப் பார்த்தால் வரி பொருந்தாது. எது சரி என்று ஒரு சின்ன வாக்குவாதம் கிளம்பும்.

இரண்டில் எதை வாங்குவது என்பதுதான் இங்கே கேள்வி. புத்தகம் முழுவதையும் எடைபோட வேண்டியதில்லை. கடவுள் ஒருவரை அழைக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: ஆபிரகாம், மோசே, சாமுவேல், யோனா, மரியாள், பேதுரு. பதில் பேசாமல் ஓடிவிடும் யோனாவைத் தவிர இவை எல்லாமே உரையாடல்கள். கூப்பிட்டவர் ஒரு வரி சொல்வார், கூப்பிடப்பட்டவர் ஒரு வரி பதில் சொல்வார். யார் யாரிடம் எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதில்தான் விசுவாசமும் கீழ்ப்படிதலும் தெரியும். மொழிபெயர்ப்பாளர் தடுக்கி விழுவதும் அந்த இடத்தில்தான்.

முதலில் இரண்டின் பூர்வீகம். பரிசுத்த வேதாகமம் என்று இன்று பரவலாகக் கிடைப்பது ஹென்றி பவர் என்பவர் தலைமையில் திருத்தி 1871இல் முடிந்த பதிப்பின் வழி வந்தது. அதன் நடை அதைவிடப் பழையது. தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்த சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு, அதன்பின் பப்ரிசியுஸ், இரேனியுஸ் என்று கை மாறி மாறித் தேய்ந்து மெருகேறிய தமிழ் அது. திருவிவிலியம் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்தது. கத்தோலிக்கர் கையில் இருப்பதில் 73 நூல்கள், மற்றதில் 66. அழைப்பைப் படிக்க இந்த எண் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. பார்க்கப்போகும் பகுதிகள் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. பெயர்கள்தான் வேறு: ஆதியாகமம் அங்கே தொடக்கநூல், யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். வீட்டுக் கூட்டம் நடத்துபவர் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் பொருளடக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் வாசிப்பே முடிந்துவிடும்.

‘இதோ, அடியேன்’

பழைய பதிப்பான பரிசுத்த வேதாகமத்தின் பலம் முழுவதும் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. எபிரெயத்தில் இது ஒரே சொல்: ஹின்னேனி. இங்கே இருக்கிறேன், சொல்லுங்கள் என்று பொருள். மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆதியாகமம் 22இல் அந்தச் சொல்லை ஆபிரகாம் மூன்று முறை சொல்கிறார். முதல் வசனத்தில் கடவுள் கூப்பிடும்போது ‘இதோ அடியேன்’. ஏழாம் வசனத்தில் மலைக்குப் போகும் வழியில் ஈசாக்கு ‘என் தகப்பனே’ என்று கூப்பிட, ‘என் மகனே, இதோ, இருக்கிறேன்’. பதினோராம் வசனத்தில் கத்தி ஓங்கிய கையோடு மறுபடி ‘இதோ அடியேன்’. மூலத்தில் மூன்றும் ஒரே சொல்தான். தமிழில் மகனிடம் அடியேன் என்று சொல்ல முடியாது, அதனால் பிரித்தார்கள். இழப்பு என்றால் இழப்புதான். ஆனால் கடவுளுக்குக் கொடுத்த அதே கவனத்தை மகனுக்கும் அந்த மனிதர் கொடுத்தார் என்பதை ‘இதோ’ என்ற சொல் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது.

இந்த ‘இதோ’வைத் தொடர்ந்து போகலாம். முட்செடியின் முன்னால் மோசே: ‘இதோ, அடியேன்.’ ஏசாயா 6:8: ‘இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்.’ தமஸ்குவில் அனனியா: ‘ஆண்டவரே, இதோ, அடியேன்.’ மரியாள்: ‘இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை, உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது.’ ஒரு பென்சிலை எடுத்து இந்த இடங்களில் எல்லாம் ‘இதோ’வுக்கு அடிக்கோடு போட்டால் பாடத் திட்டத்தில் பாதி தயார். வேறு எந்த விளக்க நூலும் வேண்டியதில்லை.

சாமுவேல் கதையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரவில் பையன் குரலைக் கேட்டு ஏலியிடம் ஓடும்போது ‘இதோ, இருக்கிறேன்’ என்றுதான் சொல்கிறான், அடியேன் இல்லை. மூன்று முறை ஓடிய பிறகு ஏலி சொல்லிக் கொடுக்கிறார்: ‘கர்த்தரே, சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சொல். பத்தாம் வசனத்தில் சாமுவேல் சொல்வதோ ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ மட்டும். கர்த்தரே என்ற விளி விடுபட்டுப் போயிற்று. பயமா, தயக்கமா, யார் கூப்பிடுகிறார் என்று இன்னும் தெரியாததா, வேதம் சொல்லவில்லை. இந்தச் சின்ன விடுபடலைப் பழைய பதிப்பு மூலத்தில் உள்ளபடியே விட்டிருக்கிறது. வாசிப்பவர் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லாமல் பார்த்து வாசித்தால்தான் இது கண்ணில் படும்.

திருவிவிலியம் இந்தப் பரீட்சையில் எப்படி? ஏசாயாவின் பதில் ‘இதோ நானிருக்கிறேன். அடியேனை அனுப்பும்’ என்று இருக்கிறது. அழகான வரி, வாய்விட்டு வாசிக்கப் பழையதைவிட எளிது. மரியாவின் பதிலில் ‘இதோ’ இல்லை: ‘நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்.’ பொருளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆபிரகாமில் தொடங்கிய நூல் நாசரேத்தில் வந்து அறுந்துவிடுகிறது. அழைப்புப் பாடம் நடத்துபவருக்கு இது கொஞ்சம் கையை ஒடித்த மாதிரி.

ஜாதி, கூலி, மனஸ்தாபம்

பழைய பதிப்பின் பலவீனமும் அதே அளவு பெரிது. இன்றைக்கு வேறு பொருளில் புழங்கும் சொற்கள்தான் காரணம். புரியாத சொல் வந்தால் ஆள் நின்று கேட்பான். புரிந்த மாதிரி இருக்கும் சொல் வந்தால் தப்பான பொருளோடு அடுத்த வரிக்குப் போய்விடுவான். ஆபத்து இரண்டாவதில்தான்.

ஆதியாகமம் 12:2, ‘நான் உன்னைப் பெரிய ஜாதியாக்கி’. மத்தேயு 28:19, ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’. இங்கே ஜாதி என்றால் தேசம், மக்களினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் இருந்தது. இன்றைக்குக் கொங்குப் பகுதியில் ஒரு கல்லூரிப் பையனிடம் ‘உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன்’ என்று விளக்கமில்லாமல் வாசித்துக் காட்டினால் அவன் தலையில் என்ன ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டம் நடத்துபவர் இந்த வரியை வாசிக்கும் முன்பே ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும், வாசித்த பிறகு அல்ல. திருவிவிலியத்தில் ‘பெரிய இனம்’, ‘எல்லா மக்களினத்தாரும்’ என்று இருப்பதால் இந்த வம்பு இல்லை.

யோனா 1:3இல் யோனா கப்பலுக்குக் ‘கூலி கொடுத்து’ ஏறுகிறான். தறி ஓட்டும் ஊரிலும் பனியன் கம்பெனி ஊரிலும் கூலி என்றால் சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளம். இங்கே அது பயணக் கட்டணம். கீழ்ப்படியாமல் ஓடுவதற்கும் அவன் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியிருந்தது என்ற குத்தல் இந்தச் சொல் புரிந்தால்தான் விழும்.

மிக மோசமாக வழுக்கும் இடம் மத்தேயு 21:28-31, இரண்டு குமாரர் உவமை. தகப்பன் முதல் மகனைத் திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொல்கிறான். ‘மாட்டேன்’ என்றவன் ‘பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான்’. இன்றைய பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை அறுந்துபோவது. அதனால் ‘மகன் தகப்பனோடு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்’ என்று நேர் எதிராகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அந்தப் பதிப்பில் அது மனம் வருந்துதல். திருவிவிலியத்தில் அவர் மனத்தை மாற்றிக்கொண்டு போனார் என்று நேராகவே இருக்கிறது. இந்த உவமைக்கு மட்டும் தயங்காமல் திருவிவிலியத்தைக் கையில் எடுக்கலாம்.

இரண்டாவது மகனின் பதில் இரண்டு பதிப்பிலும் ‘போகிறேன் ஐயா’ என்ற மரியாதையோடுதான் வருகிறது. கொங்குத் தமிழில் இதை ‘சரிங்க, போறனுங்க’ என்று வாசித்துக் காட்டினால் கூடத்தில் ஒரு சிரிப்பு எழும். எதற்கெடுத்தாலும் ‘ங்க’ சேர்த்துப் பேசும் ஊருக்கே நேராகச் சொன்ன மாதிரி இருக்கும். பணிவு முழுவதும் வாயில் இருந்தது, போனதோ முகத்துக்கு நேரே மாட்டேன் என்றவன்.

அந்த ஊர்ப் பேச்சே இன்னொரு விதத்தில் கைகொடுக்கிறது. ‘சொன்னாக் கேளு கண்ணு’ என்று பாட்டி சொல்லும்போது, காதில் வாங்கு என்றா அர்த்தம்? சொன்னபடி செய் என்றுதானே. எபிரெயத்தில் ஷாமா என்ற வினையும் அப்படியே: கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் ஒரே சொல். ஆதியாகமம் 22:18இல் ‘நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்’ என்று இருப்பதும் மூலத்தில் ‘என் குரலைக் கேட்டபடியால்’ என்பதுதான். கிரேக்கத்தில் கீழ்ப்படிதலுக்கு உள்ள சொல்லும் கேட்பது என்ற வினையிலிருந்து பிறந்தது. 1 சாமுவேல் 15:22இல் பழைய பதிப்பு ‘பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்’ என்று இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. நிணம் என்பதை மட்டும் கொழுப்பு என்று சொல்லிவிட்டால் போதும், கறிக்கடைக்குப் போகிற எல்லோருக்கும் புரியும்.

நம்பிக்கை என்றால் எது?

கலப்புச் சபைக் குடும்பங்களில் அதிகம் குழப்புவது இது. பழைய பதிப்பில் 1 கொரிந்தியர் 13:13 ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று வரும். திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் நம்பிக்கை மற்றதில் முதலாவதாக நிற்கிறது, பொருளும் வேறு. எபிரெயர் 11:8ஐ ஒருவர் ‘விசுவாசத்தினாலே ஆபிரகாம்… கீழ்ப்படிந்து, தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்’ என்று வாசிக்க, இன்னொருவர் ‘ஆபிரகாம் அழைக்கப்பட்டபோது நம்பிக்கையினால்தான் கீழ்ப்படிந்தார்’ என்று வாசிப்பார். சண்டை வேண்டாம், இரண்டும் ஒன்றே. ஆனால் கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாளில் மூன்று சொற்களையும் இரண்டு பத்தியாக எழுதி நடுவில் வைத்துவிடுவது நல்லது.

‘போனான்’, ‘கீழ்ப்படிந்தார்’ என்ற வித்தியாசத்தையும் கவனிக்கலாம். பழைய பதிப்பில் ஆபிரகாமும் மோசேயும் ‘அவன்’. பெரியவர்களை அவன் இவன் என்று சொன்னால் வாயில் அடி விழும் என்று வளர்ந்த பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கால எழுத்துநடை அது, அவமதிப்பு இல்லை. கடவுளுக்கு முன் எல்லோரும் ‘அவன்’தான் என்று பிரசங்கம் பண்ணுவதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், மொழிபெயர்த்தவர்கள் அப்படி நினைத்துச் செய்தார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. லூக்கா 5:5இல் பேதுரு இயேசுவை ‘ஐயரே’ என்று கூப்பிடுவதும் இந்த ரகம். போதகரை ஐயர் என்று அழைத்துப் பழகிய பழைய சபையாருக்கு நெருடாது. மற்றவர்களுக்குத் திருவிவிலியத்தின் ‘ஐயா’ நிம்மதி.

அந்த வசனத்தின் கனம் இரண்டிலும் குறையவில்லை. ‘இராமுழுவதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்.’ அழுத்தம் ‘ஆகிலும்’ என்ற சொல்லில் விழ வேண்டும். அதற்கு முன் அரை மூச்சு நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவன் தொழில் தெரியாதவர் சொன்னதைச் செய்யும் இடம் அது.

கடையில் கையில் எடுத்ததும்

மொழிபெயர்ப்பை முடிவு செய்த பிறகு அடுத்த கேள்வி, எந்த அச்சு. இங்கே ஏமாறுபவர்கள் அதிகம், ஏனென்றால் ஜிப் வைத்த உறையைப் பார்த்து வாங்குகிறார்கள். உறை ஒரு வருடத்தில் பல்லிளிக்கும், தையல்தான் இருபது வருடம் நிற்கும். புத்தகத்தை மூடி, முதுகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கற்றைகளாக மடங்கி வரிசையாகத் தெரிந்தால் தைத்தது. ஒரே தட்டையாகப் பசை பூசியது போல் இருந்தால் ஒட்டியது, வெயில் காலத்தில் முதலில் கழன்று வருவது ஆதியாகமமாகத்தான் இருக்கும்.

பிறகு தாள். ஒரு பக்கத்தைத் தனியாகத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். பின்பக்க எழுத்து முன்பக்க வரிகளுக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தால் இரவு ஜெபத்தில் பெரியவர்களுக்குக் கண் வலிக்கும். வேதாகமத் தாள் மெல்லியதுதான், ஓரளவு தெரியத்தான் செய்யும். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் நேர்மேல் நேராக அச்சாகியிருந்தால் அவ்வளவாக உறுத்தாது. குறிப்பு எழுதப் பென்சில் அல்லது வண்ணப் பென்சில். ஜெல் பேனா ஊறி மறுபக்கம் வந்துவிடும், ஹைலைட்டரும் அப்படியே.

பெரியவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். அட்டை பெரிதாக இருந்தால் எழுத்தும் பெரிதாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விரல் வைத்துத் திறக்க ஓரத்தில் பிறை வடிவில் வெட்டிய பதிப்பு நூலைத் தேடிப் பிடிக்க வசதி, ஆனால் சின்னப் பிள்ளைகள் கைபட்டால் அந்த வெட்டிலிருந்துதான் தாள் கிழியும். புதிய புத்தகத்தை நடுவில் சட்டென்று விரித்து அழுத்தாமல், முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாறி மாறித் தடவி நடுவுக்கு வந்தால் முதுகு உடையாது.

அழைப்பைப் படிப்பவர்களுக்கு உண்மையில் உதவுவது ஒத்தவாக்கியம், அதாவது ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள், போட்ட பதிப்பு. கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆதியாகமம் 12:1ஐத் திறந்து, அதற்கு நேரே கொடுத்த ஒத்தவாக்கியங்களில் அப்போஸ்தலர் 7:3ம் எபிரெயர் 11:8ம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் வாங்கலாம். காரணம் இருக்கிறது: ஆதியாகமம் 11:31இல் குடும்பமே ‘ஊர்’ என்ற பெயருள்ள கல்தேயப் பட்டணத்திலிருந்து புறப்பட்டு ஆரானில் தங்கிவிடுகிறது. அப்போஸ்தலர் 7இல் ஸ்தேவான் தன் பேச்சில், ஆரானுக்கு வருமுன்பே மெசொப்பொத்தாமியாவில் அழைப்பு வந்துவிட்டதாகச் சொல்கிறார். ஆரானை விட்டுப் புறப்படும்போது ஆபிராமுக்கு வயது 75, கூடவே லோத்தும் போனான். ‘கூப்பிட்ட உடனே எல்லாவற்றையும் விட்டுப் போனார்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் பிரசங்கத்தை இந்த ஒத்தவாக்கியம் ஒன்றே நிதானப்படுத்திவிடும்.

பழைய பதிப்பில் மேற்கோள் குறிகள் கிடையாது, பேசுபவர் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி மட்டும். யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில் பேச்சு எங்கே முடிகிறது என்று கண் தடுமாறும். அங்கே மோசே சொல்லும் ஐந்து பதில்களின் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக்கொள்ளுங்கள்: 3:11 ‘நான் எம்மாத்திரம்’, 3:13 உம் பெயர் கேட்டால் என்ன சொல்ல, 4:1 நம்பமாட்டார்கள், 4:10 ‘நான் வாக்கு வல்லவன் அல்ல’, 4:13 யாரையாவது அனுப்பும். முதல் நான்குக்கும் கடவுள் பொறுமையாகப் பதில் சொல்கிறார். கோபம் மூளுவது ஐந்தாவதற்குப் பிறகு, 4:14இல்தான். கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை என்று பயமுறுத்துபவர்களுக்கு இந்த எண்கள் போதுமான பதில். திருவிவிலியத்தில் மேற்கோள் குறி, பத்திப் பிரிவு, சிறு தலைப்பு எல்லாம் இருப்பதால் இந்த வேலையே தேவைப்படாது.

வீட்டுக் கூட்டத்தில் ஆறு வாரம்

முதல் வாரம் ஆதியாகமம் 12:1-9. அடுத்து யாத்திராகமம் 3, 4. பிறகு 1 சாமுவேல் 3, யோனா 1ம் 3ம், லூக்கா 5:1-11 உடன் 9:57-62, கடைசியாக மத்தேயு 21:28-31. ஷிப்டு முடிந்து வருபவர்களுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது. பத்து நிமிடம் இரண்டு பதிப்பிலும் சத்தமாக வாசிப்பு, கடவுள் பேசுவதை ஒருவரும் பதிலை இன்னொருவருமாக. இருபது நிமிடம் பேச்சு. பத்து நிமிடம் ஜெபம். யோனாவுக்கு மட்டும் பழைய பதிப்பே மேல். ‘நீ எழுந்து… போய்’ என்பது கட்டளை, யோனாவும் ‘எழுந்து’தான் தர்ஷீசுக்கு ஓடுகிறான், மூன்றாம் அதிகாரத்தில் மறுபடி ‘எழுந்து’ நினிவேக்குப் போகிறான். அதே வினை, திசைதான் வேறு.

லூக்கா 9:62இன் கலப்பைக்கு இந்த மண்ணில் விளக்கம் அதிகம் தேவையில்லை. ஆனால் இப்போது டிராக்டர்தான் எங்கும் என்பதால், திரும்பிப் பார்த்தால் கொழு மேலேறிச் சால் கோணும் என்று ஏர் பிடித்த பெரியவர் ஒருவரை விட்டே சொல்ல வைப்பது நல்லது. கூடவே 1 இராஜாக்கள் 19:19-21 வாசியுங்கள். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசா, ஏர்மாட்டை அடித்து, ஏரின் மரமுட்டுகளையே விறகாக்கிச் சமைத்து, ஊருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போகிறான். காங்கேயம் காளையின் விலை தெரிந்தவர்களுக்கு அந்தச் செலவு உறைக்கும்.

இந்த ஆறு வாரமும் கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. ஒன்று, நடத்துபவர் ஒவ்வொரு பாடத்தையும் ‘நீயும் முழுநேர ஊழியத்துக்கு வா’ என்று முடிப்பது. மூன்றாம் வாரமே ஆட்கள் குறைவார்கள். அதற்கு மாற்று மருந்து 1 கொரிந்தியர் 7:20: ‘அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்.’ தறிப் பட்டறையிலும் கணக்கு மேசையிலும் இருந்துகொண்டே கேட்கக்கூடிய அழைப்பும் உண்டு. இதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, அடையாளம் கேட்பது. கிதியோன் மயிருள்ள தோலைக் களத்தில் போட்டு, அதில் மட்டும் பனி இறங்குகிறதா என்று அடையாளம் பார்த்தார், நாமும் பார்ப்போம் என்று கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைப்பது. நியாயாதிபதிகள் 6ஐ முழுவதும் வாசித்தால் 14ஆம் வசனத்திலேயே கட்டளை தெளிவாக வந்துவிட்டது தெரியும். தோல் விவகாரம் 36ஆம் வசனத்தில்தான், அதுவும் ‘நீர் சொன்னபடி’ என்று சொல்லிக்கொண்டே கேட்கிறார். சித்தம் தெரியாமல் கேட்டதல்ல, தெரிந்த பிறகும் கை நடுங்கியதால் கேட்டது. வருடக் கடைசி ராத்திரி ஆராதனையில் எடுக்கும், வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையிலும் இதே சிக்கல். ஆதியாகமம் 12:2, ‘உன்னை ஆசீர்வதித்து’, அட்டைக்கு நன்றாகப் பொருந்தும். ‘விட்டுப் புறப்பட்டு’ என்கிற 12:1ஐ யாரும் அட்டை போட்டு விற்பதாகத் தெரியவில்லை.

யாருக்கு எது? சத்தமாக வாசிக்கும் பழக்கம் உள்ள வீடு, மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், ‘இதோ, அடியேன்’ என்ற நூலைப் பிடித்துப் படிக்க விரும்புபவர்கள், இவர்களுக்குத் தைத்த, ஒத்தவாக்கியம் உள்ள பழைய பதிப்பு. தனியாக உட்கார்ந்து வாசிப்பவர்கள், சபைப் பின்னணி இல்லாமல் புதிதாக வருபவர்கள், மேற்கோள் குறி இல்லாவிட்டால் தொலைந்துபோகிறவர்கள், இவர்களுக்குத் திருவிவிலியம். எளிய தமிழ் மொழிபெயர்ப்பும் சந்தையில் இருக்கிறது. வாக்கியங்களைச் சின்னதாக உடைத்துக் கொடுப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் வாசிப்புக்கு ஆகும், ஒரு சொல்லைத் தொடர்ந்து போய்ப் படிக்க ஆகாது. கைபேசிச் செயலியில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் நடுவில் வாட்ஸ்அப் மணி அடிக்கும், அப்போது கூடத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் குனிவார்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஜிப் உறைக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து, தையல் போட்ட பழைய பதிப்பு. ஜாதி, கூலி, மனஸ்தாபம் மூன்றுக்கும் பொருளைப் பென்சிலில் முதல் வெற்றுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.